ரூஜ் வனமும் நமது பிள்ளைகளும்

ஒரு சனிக்கிழமை காலை, நமது தமிழ் வகுப்பில் ஐந்நிலங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, “உங்களுள் எத்தனை பேர் காட்டைப் பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். பதினெட்டுப் பிள்ளைகளில் மூவரே கையுயர்த்தினர். ஒரு பிள்ளை காட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. இன்னொரு பிள்ளை நெடுஞ்சாலையில் போகும்பொழுது வாகனத்தின் யன்னலூடாகப் பார்த்திருந்தது. மூன்றாவது பிள்ளை, காடு பயங்கரமான இடமென்றும், அங்கே போகவே கூடாதென்று தன் அம்மம்மா சொல்லியிருப்பதாகவும் கூறியது.

அந்த வகுப்பறையிலிருந்து வாகனத்தில் பதினைந்து நிமிடம் சென்றால் ரூஜ் வனத்தின் எல்லை தொடங்குகிறது என்பதை அப்பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிக்கறிங்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வனம் அடுத்த வீட்டுக்காரரைப் போன்றது. ஆயினும் அடுத்த வீட்டுக்காரரின் பெயரை அறியாதவர்களாகவே நம்மிற் பலர் இருந்துவருகிறோம். ஆண்டு முழுவதும் செல்லத்தக்க இந்த வனத்தைப் பற்றியும், அது யாருடைய உடைமை என்பதைப் பற்றியும், அங்கே செல்லும் முறையைப் பற்றியும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் இடமும்

ரூஜ் என்பது பிரெஞ்சு மொழியில் சிவப்பைக் குறிக்கும் சொல். ஆற்றங்கரையில் தெரியும் செம்மை படிந்த களிமண்ணைக் கண்டு பிரெஞ்சுக்காரர் இவ்வாற்றுக்கு இப்பெயரை இட்டனர். நமது மொழியில் பெயரிட்டிருந்தால் செய்யாறு என்றோ செங்கரையாறு என்றோ சொல்லியிருப்போம். வடக்கே ஓக் றிட்ஜஸ் எனப்படும் மணல்மேட்டுப் பகுதியில் ஊறிவரும் நீர், ரூஜ் ஆறாகவும் சின்ன ரூஜ் ஆறாகவும் தெற்கு நோக்கி ஓடி ஒன்றாகி, ஒன்ராறியோ ஏரியிற் கலக்கின்றது. இந்த நீர்வழியைச் சூழ்ந்துள்ள காடு, சதுப்பு நிலம், புல்வெளி, வேளாண் நிலம் ஆகியவற்றை உள்ளடக்கியதே ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா.

பூங்கா என்றதும் மலர்ப்பாத்தியும் ஊஞ்சலும் நம் மனத்தில் தோன்றக்கூடும். இது அத்தகைய பூங்கா அன்று. திட்டமிட்ட முழு அளவில் இதன் பரப்பு ஏறத்தாழ 79 சதுரக் கிலோமீற்றர். நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற மத்திய பூங்காவைப் போல இருபது மடங்குக்கும் மேற்பட்டது. தாவரங்கள், பறவைகள், மீன்கள், பாலூட்டிகள், பூச்சிகள் என 1,700-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இங்கே வாழ்வதாகக் கணக்கிட்டுள்ளனர். தெற்கே அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்கள் வரை பரந்துள்ள வெப்பம் நாடும் மரக்காட்டின் வட எல்லை இப்பகுதியில் அமைந்திருப்பதால், தெற்கத்தி மரங்களும் வடக்கத்தி மரங்களும் ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே நிற்பதைக் காணலாம். மனிதர் இங்கே 10,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வந்துள்ளனர். பதினேழாம் நூற்றாண்டில் செனெக்கா மக்களின் ஊர் ஒன்று இவ்வாற்றங்கரையில் இருந்தது. அதன் எச்சங்கள் புதைந்துள்ள பீட் ஹில் என்னும் இடம் 1991-ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

காடு யாருடைய உடைமை?

இக்கேள்வியைப் பிள்ளைகள் கேட்கும்பொழுது, “காடு எல்லாருக்கும் பொதுதானே” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. இம்மாகாணத்தின் தென்பகுதியில் பெரும்பாலான நிலம் தனியார் உடைமை. காடுகளிலும் பெரும்பகுதி தனியார் கையிலேயே உள்ளது.

தனியார் காடு என்றால் அழிக்கப்படும் காடு என்று எண்ணிவிடலாகாது. ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தொலைவில், அல்கொன்குயின் மாகாணப் பூங்காவின் தென்புறத்தே, ஹாலிபர்டன் வனமும் வனவிலங்குக் காப்பகமும் என்னும் பெயருடைய பெரிய தனியார் காடு ஒன்றுண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 1,00,000 ஏக்கர். மரம் வெட்டும் நிறுவனங்கள் நல்ல மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்ட நிலையில், 1960-களில் ஜெர்மானியக் குடும்பம் ஒன்று அதை வாங்கியது. பின்னர் வனவியல் கற்ற பீற்றர் ஷ்லைஃபென்பாம் அதன் பொறுப்பை ஏற்றார். சிறந்த மரங்களை வெட்டித் தாழ்ந்தவற்றை விட்டுவிடும் பழைய வழக்கத்தை அவர் மாற்றினார். நோயுற்றவற்றையும் வளைந்தவற்றையும் முதலில் அகற்றி, நல்ல மரங்களை விதைக்காகவும் வளர்ச்சிக்காகவும் நிற்கவிடும் முறையைக் கைக்கொண்டார். பொறுப்புடன் பேணப்படும் காடு என்னும் பன்னாட்டுச் சான்றிதழைக் கனடாவில் முதன்முதலிற் பெற்றது அந்தக் காடுதான், ஆண்டு 1998.

மரத்தின் வருவாய் மட்டும் காட்டைக் காக்கப் போதாது என்பதையும் அவர்கள் உணர்ந்தனர். ஆகவே கட்டணம் செலுத்தி வருவோர்க்குக் காட்டைத் திறந்துவிட்டனர். கோடையிற் கூடாரம், படகு, மிதிவண்டி. பனிக்காலத்திற் பனியூர்திப் பாதைகள். உயர்ந்த வெள்ளைப் பைன் மரங்களின் கிளைகளினூடே தொங்குபாலம் போற் செல்லும் நடைபாதை. ஓநாய்களைக் கண்டு அறிவதற்கு ஒரு நிலையம் என ஆண்டு முழுவதும் மக்கள் வந்துபோகும் இடமாயிற்று அது. வருவோர் செலுத்தும் கட்டணம் காட்டைக் காப்பதற்கு உதவுகின்றது. காடு நிற்பதால் மேலும் மக்கள் வருகின்றனர். வெட்டுவதைக் காட்டிலும் வைத்திருப்பது பயன் தரும் என்னும் நிலை ஏற்பட்டாற்றான் தனியார் காடு நிலைக்கும் என்பது இதனால் விளங்கும்.

அத்தகைய இடங்களுக்குச் செல்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். தனியார் காட்டில் நாம் விருந்தினர். உடைமையாளர் அனுமதித்த இடத்தில், அனுமதித்த செயலை மட்டுமே செய்யலாம். ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டப்படி, மரத்திலோ கம்பத்திலோ சிவப்பு அடையாளம் தீட்டப்பட்டிருந்தால் உட்செல்லக் கூடாது என்பது பொருள். மஞ்சள் அடையாளமாயின், குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டுமே அனுமதி உண்டென்பது பொருள். எழுத்து எதுவும் இல்லாத வெறும் வண்ண வட்டமே சட்டப்படியான அறிவித்தலாகும். நம்மவர் பலர் இதனை அறியார். பிள்ளைகள் வீதி விளக்கின் நிறங்களைக் கற்பது போல இவ்விரு நிறங்களையும் கற்றுக்கொள்ளல் நன்று.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. தமிழகத்தின் பல ஊர்களில் ஐயனாருக்கும் காவல் தெய்வங்களுக்கும் உரியவையாகக் கோயிற்காடுகள் உண்டு. அங்கே மரக்கிளை ஒன்றை ஒடிக்கவும் ஊரார் அஞ்சுவர். சுற்றியுள்ள நிலமெல்லாம் வயலாகவும் வீடாகவும் மாறிய பின்னரும், தெய்வத்தின் உடைமை என்னும் நம்பிக்கை அந்தச் சிறு காட்டைக் காத்து வந்தது. ஹாலிபர்டனில் ஒரு நிறுவனம் உடைமையாளராக நின்று காத்தது. நமது ஊர்களில் தெய்வம் உடைமையாளராக நின்று காத்தது. ரூஜ் வனத்தைக் காத்தவர் யார்?

ரூஜ் பொதுவுடைமையான வரலாறு

ரூஜ் பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் துண்டு துண்டாகத் தனியார் கையிலேயே இருந்தது. ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் இங்கிருந்த உயர்ந்த வெள்ளைப் பைன் மரங்கள் பாய்க்கப்பல்களின் பாய்மரங்களுக்காக வெட்டப்பட்டன. இன்று பிள்ளைகள் நடந்து மகிழும் பாய்மரப் பாதை, அக்காலத்தில் மரங்களை இழுத்துச் சென்ற வழியேயாகும். பின்னர் ஆலைகளும் பண்ணைகளும் வந்தன. இருபதாம் நூற்றாண்டில் இப்பள்ளத்தாக்கில் தனியார் பனிச்சறுக்கு மேடும் விடுதியும்கூட இருந்தன. அவை இன்று இல்லை.

இந்நிலத்தின் மூத்த குடிகள் முதற்குடி மக்கள். 1923-ஆம் ஆண்டு செய்யப்பட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் அவர்களுக்கு நீதியாக அமையவில்லை என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்து, 2018-ஆம் ஆண்டில் இணக்கத்தில் முடிந்தது. அரசுகள் மன்னிப்பும் கேட்டன. நிலத்தை இழந்தவர்களின் துயரம் எத்தகையது என்பதை நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. ஆதலால் இவ்வனத்தில் நடக்கும்பொழுது அவர்களை நினைந்து நடத்தல் நமது கடன்.

1954-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஹேசல் என்னும் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கிற்று. ஆறுகள் ஒரே இரவிற் பெருக்கெடுத்தன. ஒன்ராறியோவில் 81 பேர் மாண்டனர். ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் வீடு கட்டியதே பேரழிவுக்குக் காரணம் என்பதை மக்கள் உணர்ந்தனர். அதன்பின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பொதுவுடைமையாக்கி, அங்கே வீடுகள் எழாதபடி தடுக்கும் கொள்கை வலுப்பெற்றது. ரொறன்ரோ நகரின் நடுவே இன்றும் பசுமைப் பள்ளத்தாக்குகள் நெளிந்து செல்வதற்கு அந்தத் துயரமே காரணம்.

ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. 1972-ஆம் ஆண்டு பிக்கறிங்கில் பெரிய விமான நிலையம் அமைப்பதற்கென்று மத்திய அரசு ஏறத்தாழ 18,600 ஏக்கர் நிலத்தைக் கட்டாயமாகக் கைப்பற்றியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த உழவர் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1975-ஆம் ஆண்டில் மாகாண அரசு ஒத்துழைக்க மறுத்ததால் திட்டம் நின்றது. அதே ஆண்டில் ரூஜ் பள்ளத்தாக்கைக் காப்பதற்கென்று குடிமக்கள் அமைப்பு ஒன்றும் தோன்றிற்று. வீடமைப்புத் திட்டங்களும் நெடுஞ்சாலைத் திட்டங்களும் குப்பைமேட்டுத் திட்டங்களும் வரும்பொழுதெல்லாம் எதிர்த்து நின்றவர்கள், அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஆசிரியர்கள், இல்லத்தரசியர், மாணவர் போன்ற எளிய மக்களே.

அவர்களது முயற்சி பயனளித்தது. 1990-இல் மாகாண முதல்வர் டேவிட் பீற்றர்சன் இங்கே பெரும் பூங்கா அமையும் என்று அறிவித்தார். 1995-இல் ரூஜ் பூங்கா உருவாயிற்று. 2015-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் இது கனடாவின் முதலாவது தேசிய நகர்ப் பூங்காவாயிற்று. 2017-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இயற்கையின் நலனே முதலிடம் பெறும் என்று எழுதப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில், அப்பொழுது போக்குவரத்து அமைச்சராக இருந்தவரும், தந்தை வழியில் தமிழ் வேருடையவருமான அனிதா ஆனந்த், பிக்கறிங் விமான நிலையத் திட்டத்தை அரசு கைவிடுவதாக அறிவித்தார். அந்நிலத்தின் ஒரு பகுதி ரூஜ் பூங்காவுடன் சேர்க்கப்படும் என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடாது பேசியவர்களுக்குக் கிடைத்த விடை அது.

ஆகவே ரூஜ் வனத்தைக் காத்தவர் செல்வந்தரும் அல்லர், தெய்வமும் அன்று. “இது எங்களுடையது” என்று சொல்லத் துணிந்த குடிமக்களே காத்தனர். இன்று கனடாவின் குடிமக்களாகிய நாமும் அந்த “எங்களுடைய” என்னும் சொல்லுள் அடங்குவோம். இங்கே நுழைவுக் கட்டணம் இல்லை.

ஆறு பொழுதும் ரூஜ்

கனடாவில் நான்கு பருவம் என்று பிள்ளைகள் பள்ளியிற் படிக்கின்றனர். தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுக்கின்றது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இப்பெயர்களை மனனம் செய்து தேர்வெழுதும் நம் பிள்ளைகள், ரூஜ் வனத்திற்கு ஆண்டில் ஆறு முறை சென்றால், அவற்றைக் கண்ணாற் கண்டே கற்கலாம்.

இளவேனில், சித்திரையும் வைகாசியும். தமிழ்ப் புத்தாண்டு பிறந்த சில வாரங்களில் காட்டின் தரையெங்கும் மூவிதழ் வெண்மலர்கள் பூத்துக் கிடக்கும். ரில்லியம் எனப்படும் அம்மலர் 1937 முதல் ஒன்ராறியோவின் சின்னமாக உள்ளது. மரங்கள் தழைத்து நிழல் கட்டுவதற்கு முன் கிடைக்கும் சில நாள் வெயிலைப் பயன்படுத்தி அது விரைந்து பூக்கின்றது. தெற்கே சென்றிருந்த பறவைகளும் இக்காலத்தில் திரும்பி வருகின்றன.

முதுவேனில், ஆனியும் ஆடியும். ஆனி மாதத்தில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். மஞ்சள் நிறக் கழுத்துடைய பிளாண்டிங் ஆமை இங்கே அழிந்துபோகும் நிலையில் இருந்தது. 2014-ஆம் ஆண்டு தொடங்கி, ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையில் வளர்க்கப்பட்ட பல நூறு குஞ்சுகள் ரூஜ் சதுப்புநிலங்களில் விடப்பட்டுள்ளன. அவ்வாமை எழுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று பாலர் வகுப்பிற் படிக்கும் பிள்ளை பேரன் பேத்தி காணும் காலத்திலும் அந்த ஆமை இந்தச் சதுப்பில் இருக்கக்கூடும்.

கார், ஆவணியும் புரட்டாதியும். நமது ஊரில் இது மழைக்காலத் தொடக்கம். இங்கோ சமன் என்னும் பெருமீன்கள் ஏரியிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறும் காலம். முட்டையிடுவதற்காகவே அவை வருகின்றன. இட்டபின் மடிந்து போகின்றன. ஆழமற்ற நீரில் முதுகு வெளித்தெரிய அவை போராடிச் செல்வதைக் கரையில் நின்று காணும் பிள்ளை, அதைப் பிறகு மறப்பதில்லை.

கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும். ஐப்பசித் தொடக்கத்தில் மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறிப் பள்ளத்தாக்கு முழுவதும் தீப்பற்றியது போலத் தோன்றும். இலைக்குப் பச்சை நிறம் தரும் பொருளை மரம் குளிர் கண்டு உற்பத்தி செய்வதை நிறுத்த, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. சிவப்பு அப்பொழுது புதிதாக உண்டாகின்றது. காட்சிப் பாதையில் உள்ள மரமேடையில் நின்று பார்த்தால் சின்ன ரூஜ் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரியும்.

முன்பனி, மார்கழியும் தையும். பெரும்பாலோர் வீட்டிற்குள் அடைந்து கிடக்கும் காலம். பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்ற காலமும் இதுவே என்பேன். வெண்பனி விழுந்த மறுநாட் காலை காடு ஒரு திறந்த புத்தகம். முயல், மான், நரி, கயோட்டி என ஒவ்வொன்றும் தன் காலடியைத் தன் கையெழுத்தாக இட்டுச் சென்றிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாலரும் இந்த எழுத்தைப் படிப்பர்.

பின்பனி, மாசியும் பங்குனியும். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில் மேப்பிள் மரத்தினுள் இனிப்பு நீர் ஏறும். ஏறத்தாழ 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும். கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி எடுத்த நமது மக்களுக்கு இது வியப்பாக இராது. மரத்திலிருந்து இனிமையை எடுக்கும் கலையை இந்நாட்டு முதற்குடி மக்களும் நம்முன்னோரும் வெவ்வேறு மரத்திற் பயின்றுள்ளனர். அப்பப்பாவிடம் பனையைப் பற்றிக் கேட்பதற்கு மேப்பிள் மரத்தடியைவிடச் சிறந்த இடம் வேறில்லை.

செல்வோர் கவனத்திற்கு

முதன்முறை செல்வோர் மிருகக்காட்சிச்சாலை அருகே தொடங்கும் காட்சிப் பாதையைத் தெரிவு செய்யலாம். அதன் நீளம் ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர், முதியோரும் மெல்ல நடந்து செல்லலாம். பாய்மரப் பாதை ஏறத்தாழ 2.5 கிலோமீற்றர். அதில் ஏற்ற இறக்கம் உண்டு. மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்லும் நகரப் பேருந்தில் ஏறினால் வாகனம் இல்லாதோரும் வந்துசேரலாம். ஒரிரவு கூடாரத்தில் தங்க விரும்புவோர்க்கு, கிங்ஸ்ரன் வீதியருகே கிளென் ரூஜ் முகாமிடம் இருக்கின்றது. ரொறன்ரோ நகர எல்லைக்குள் உள்ள ஒரே கூடார முகாம் அதுதான். அதற்குக் கட்டணமும் முன்பதிவும் உண்டு.

வெயிற்காலத்தில் முழுக் காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளல் வேண்டும். புல்லில் இருக்கும் கறுங்கால் உண்ணி கடித்தால் லைம் எனப்படும் நோய் வரலாம். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் கழுத்து, அக்குள், முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைச் சோதியுங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். மூன்று மூன்று இலையாகப் படரும் ஐவி என்னும் நச்சுக் கொடியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். மூவிலை கண்டால் கை வைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பனிக்காலத்தில் தடித்த ஒரே உடையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உடை அணிதல் நன்று. வழுக்காத அடியுள்ள சப்பாத்து அவசியம். மார்கழியில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். ஆதலால் நண்பகலுக்கு முன் புறப்படுங்கள். ஆறு உறைந்ததுபோலத் தோன்றினும் அதன்மேற் காலடி வைக்கலாகாது. மேலே பனிக்கட்டி இருந்தாலும் கீழே நீர் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் கட்டி மெலிந்திருக்கிறதென்று எவராலும் சொல்ல முடியாது. கோடையிலும் ஏரிக்கரையில் நீந்தத் தெரியாத பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

கயோட்டி எதிர்ப்பட்டால் ஓடலாகாது. நிமிர்ந்து நின்று, உரத்துக் குரல் கொடுத்து, அதைப் பார்த்தபடியே பின்வாங்குதல் வேண்டும். எந்த விலங்குக்கும் உணவு போடலாகாது. பழகிய விலங்கு மனிதரை நெருங்கும். நெருங்கிய விலங்கு இறுதியிற் கொல்லப்படும். அன்பினால் எறியும் ஒரு துண்டு ரொட்டி அதன் உயிருக்கே கேடாய் முடியலாம்.

நம் அன்னையர்க்குச் சிறப்பாக ஒன்று சொல்லவேண்டும். காட்டில் நமக்குத் தெரிந்த கீரை போலவும் காளான் போலவும் பல தோன்றும். அவற்றைப் பறித்தல் தேசியப் பூங்காச் சட்டப்படி குற்றம். மேலும், நமது ஊர்க் காளானைப் போலவே தோன்றும் நச்சுக் காளான்களும் இந்நாட்டில் உள்ளன. பூ, கல், இறகு எதுவாயினும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பூங்காவினுள் உழவர் குத்தகைக்குப் பயிரிடும் வயல்களும் அவர்களது வீடுகளும் உண்டு. அவற்றுள் நுழைதலும் தகாது.

அம்மம்மா வந்த நாள்

அந்த வகுப்பு நடந்து சில கிழமைகளின் பின், ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் மாணவரும் பெற்றோருமாக நாங்கள் ரூஜ் வனத்திற்குச் சென்றோம். காடு பயங்கரமான இடம் என்று சொன்ன அந்த அம்மம்மாவும் பேத்தியின் வற்புறுத்தலால் வந்திருந்தார். வாகனத் தரிப்பிடத்திலேயே இருந்துவிடுவதாகத்தான் முதலிற் சொன்னார்.

அவரது அச்சத்தை நாம் எள்ளலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனந்தோப்பும் வடலியும் உண்டே தவிரப் பெருங்காடு இல்லை. அவர் கண்ட காடு வன்னிக்காடு. அதுவும் யானையும் கரடியும் பாம்பும் உள்ள காடு மட்டுமன்று. இடம்பெயர்ந்து பிள்ளைகளுடன் மரத்தடியில் இரவு கழித்த காடு. அந்த நினைவோடு வந்தவரை, “பயப்படாதீர்கள்” என்ற ஒரு சொல்லால் உள்ளே அழைத்துச் செல்ல முடியாது.

பேத்தி அவரது கையைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தாள். பிறகு இன்னும் பத்தடி. மேடையை அடைந்ததும் அம்மம்மா கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பின்னர், அந்நாளில் தமக்கு நிழல் தந்தவை பாலை மரங்கள் என்றும், பாலைப்பழம் தின்றே பிள்ளைகள் பசியாறினர் என்றும் சொல்லத் தொடங்கினார். அக்கதையை அவருடைய மகளும் அதுவரை கேட்டதில்லையாம். சுற்றி நின்ற பிள்ளைகள் பாலைப்பழம் எப்படி இருக்கும், என்ன நிறம், என்ன சுவை என்று தமிழிலேயே கேட்டனர். வகுப்பறையில் ஓர் ஆண்டு முயன்றும் என்னால் வரவழைக்க முடியாத கேள்விகள் அவை.

பெற்றோர்களே! மொழியும் காடும் ஒரு வகையில் ஒன்றே. இரண்டும் தாமாகவே நிலைத்துவிடுவதில்லை. இது எங்களுடையது என்று சொல்லி, அதனுட் சென்று பழகி, அதைக் காப்பவர்கள் இருக்கும் வரைதான் நிற்கும். ரூஜ் வனத்தைக் காத்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டனர். அதன் வாசல் ஆறு பொழுதும் திறந்திருக்கின்றது.

மாணவச் செல்வங்களே! அடுத்த விடுமுறை நாளில் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அங்கே கண்டதைத் தமிழில் எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அக்கட்டுரைகளுக்கு இடம் காத்திருக்கும்.